ஸ்டெல்லா அக்கா மாற்றி வைக்காத இரண்டு படங்கள்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆம்பூர் பேருந்து நிலையத்தில் வேலூர் வண்டிக்காக நின்றிருந்தேன். கைபேசியில் 'ஸ்டெல்லா அக்கா' என்று பெயர் வந்தது. எடுத்தால் ஆண் குரல். "தாமுவா? நான் ஸ்டெல்லா வீட்டுக்காரரு பேசறேம்பா, ஒடுகத்தூர்லேர்ந்து. நேத்து சாயங்காலம் ஸ்டெல்லா போய்ட்டா. நெஞ்சு வலிக்குதுன்னா, வண்டி வர்றதுக்குள்ள முடிஞ்சிடுச்சு. அவ போன்ல இருக்கற பேரெல்லாம் பாத்து ஒவ்வொருத்தருக்கா சொல்லினு இருக்கேன்." நான் "சரிங்கய்யா, வர்றேன்" என்று மட்டும் சொன்னேன்.

இதை எழுத வெட்கமாக இருக்கிறது. எனக்கு முதலில் அழுகை வரவில்லை. அப்பாடா என்றிருந்தது. என்னைப் பற்றிய ஒரு விஷயம் உலகத்தில் அக்கா ஒருவருக்குத்தான் தெரியும். இனி யாருக்கும் தெரியாது என்று மனசு ஒரு நொடி சந்தோஷப்பட்டது. அடுத்த நொடி என்னைப் பார்த்து எனக்கே பயம் வந்துவிட்டது. வந்த வேலூர் பஸ்ஸை விட்டுவிட்டு அப்படியே சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

ஸ்கேன் பிரிவில் அக்காவோடு வேலை செய்த நீங்கள், இரங்கல் கூட்டத்தில் படிக்க நோயாளிகளில் ஒருவனாக இரண்டு பக்கம் எழுதிவரச் சொன்னீர்கள். "அக்காவ பத்தி நல்லதா நாலு வார்த்தை போதும் தாமு" என்றார் உங்களில் ஒருவர். நாலு வார்த்தையில் முடியவில்லை. அதில் சிலது உங்களுக்குப் பிடிக்கவும் பிடிக்காது.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒன்பது வருடத்துக்கு முன்பு ஆம்பூர் பக்கம் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் கழிவுநீர்ப் பிரிவில் இருந்தேன். நானும் ஏழுமலையும் ஜோடி. தோலிலிருந்து வழித்த சவ்வும் மயிரும் சுண்ணாம்பும் கலந்த தண்ணீர் தரைக்கடியில் ஒரு தொட்டியில் சேரும். பம்பு வாய் அடைத்துக்கொண்டால் ஒருவர் ஏணியில் இறங்கி அடைப்பை எடுப்பார், மற்றவர் மேலே நிற்பார். இறங்கக் கூடாது என்று பலகை எழுதி மாட்டியிருந்தது. பலகைக்குப் பக்கத்திலேயே ஏணியும் சாத்தியிருந்தது. ஒருநாள் ஏழுமலை இறங்கினான், விஷவாயு தாக்கி அங்கேயே செத்துப்போனான். அவனைத் தூக்க நான் இரண்டு படி இறங்கி மயங்கினேன். என்னை மேலே இழுத்துப் போட்டார்கள். ஏழுமலை யாரிடமும் சொல்லாமல் தானாக இறங்கினான் என்று விசாரணையில் எழுதினார்கள். சக தொழிலாளியைக் காப்பாற்றப் போனவன் என்று என்னைப் பற்றி எழுதினார்கள். அதோடு ஊரில் எனக்கு மரியாதை கூடிவிட்டது.

அந்த வாயு முதலில் அழுகின முட்டை மாதிரி நாறும். ஜாஸ்தியாகிவிட்டால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. அன்றைக்கு நான் தொட்டி வாயில் குனிந்தபோது எந்த நாற்றமும் இல்லை. அதனால் அதற்குப் பிறகு எனக்கு நாற்றம் அடித்தாலும் பயம், அடிக்காவிட்டாலும் பயம். வீட்டில் முட்டை வேகவைப்பதை நிறுத்திவிட்டார்கள். பிரியாணிக் கடையில் இலையில் வைத்த அரை முட்டையைப் பார்த்து எழுந்து தெருவரைக்கும் ஓடியிருக்கிறேன். "ஆம்பூர்ல பொறந்துட்டு பிரியாணிக்கு பயந்து ஓடறவன் நீ ஒருத்தன்தாண்டா" என்று என் தோஸ்த் ஒருவன் விழுந்து விழுந்து சிரித்தான். சிரிக்கட்டும், அவனுக்கென்ன. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு என்னால் குளிக்க முடியாது. மாடிப்படியில் மூன்றாம் படி இறங்கும்போது கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். வேலூரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு வரும் மனநோய் என்று டாக்டர் பெயர் சொன்னார். இந்த நோய் உள்ளவர்களின் மூளையில் ரத்த ஓட்டம் எப்படி மாறுகிறது என்று பார்க்கும் ஆராய்ச்சியில் சேர்கிறாயா என்றும் கேட்டார். கையெழுத்துப் போட்டேன்.

அப்படித்தான் ஸ்டெல்லா அக்காவைப் பார்த்தேன். மூன்றாம் மாடிக்குப் படியேறி மூச்சிரைக்க வந்தார். லிஃப்ட் என்றால் அவருக்குப் பயம் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். "ஊசில இருக்கறது அணுக்கதிர் மருந்துன்றாங்க, அத்த கையில புடிச்சினு நிக்கறீங்க. லிஃப்டுக்குப் போயி பயப்படறீங்களேக்கா?" என்று பின்னால் ஒருநாள் கேட்டேன். "ஊசிய நான் புடிச்சினு இருக்கேன். லிஃப்ட யாரு புடிச்சினு இருக்காங்க, சொல்லு பாக்கலாம்" என்றார். பயப்படுகிற ஒருவரைப் பார்த்ததில் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

டாக்டர் விளக்கியது பாதிதான் புரிந்தது. அக்கா சொன்னது முழுதும் புரிந்தது. "பயம் வந்தா மூளையில சில எடத்துக்கு ரத்தம் ஜாஸ்தியா ஓடும், சில எடத்துல கம்மியாயிடும். இந்த மருந்து ரத்தத்தோட போயி, அந்த நேரத்துல எங்க நல்லா ஓடுதோ அங்கயே ஜாஸ்தியா குந்திக்கும். படம் அப்பறமாத்தான் எடுப்போம். ஆனா ஊசி போட்ட நேரந்தான் படத்துல தெரியும். நடுவுல நீ எழுந்து உக்காந்து சிரிச்சாலும் அது மாறாது."

"அப்ப என் மனசுல இருக்கறதெல்லாம் தெரிஞ்சிடுமாக்கா?"

"மனசெல்லாம் தெரியாதுப்பா. ரத்தம் எங்க ஓடுச்சுன்னுதான் தெரியும்." பிறகு என்னை ஒரு தடவை உற்றுப் பார்த்தார். "ஏன், தெரிஞ்சா இன்னா?"

நான் ஒன்றும் இல்லை என்றேன்.

இரண்டு நாள், இரண்டு படம். ஒருநாள் அந்த விபத்தை நான் சொன்ன வார்த்தையிலேயே ஒலிப்பதிவு செய்து என் காதில் ஓடவிடுவார்கள். அது கேட்டுக்கொண்டிருக்கும்போதே, கையில் முன்கூட்டியே செருகி வைத்த குழாய் வழியாக மருந்து போகும். இன்னொரு நாள், பயமே இல்லாத சாதாரண விஷயம் ஒன்றை அதே மாதிரி கேட்கவைப்பார்கள். இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்து வித்தியாசம் பார்ப்பார்கள். பதிவில் பேசியது அக்காதான். "டாக்டர் படிச்சா ரேடியோவுல செய்தி வாசிக்கற மாதிரி இருக்குது, எவனுக்கும் பயமே வராது" என்று அவரே அந்த வேலையை வாங்கிக்கொண்டார்.

"தெனமும் செய்யற சாதாரணமான காரியம் ஒண்ணு சொல்லு தாமு. யோசிக்காத, டக்குனு சொல்லு" என்றார்.

"பத்து மணி டீ" என்றேன்.

டேனரியில் வேலை செய்த யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். பத்து மணிக்குச் சைரன் ஊதும், கேட்டுக்கு எதிர்க்கடையில் போய் நிற்போம். பதினோரு வருடம் குடித்த டீ. அந்த ஆயிரக்கணக்கான டீயில் ஒரே ஒரு டீதான் வேறு. அதை நான் மறந்துவிட்டதாகவே நினைத்திருந்தேன். டீ என்று சொன்ன அந்த வாயை எதால் அடிப்பது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

முதல்நாள் சாதாரண விஷயத்துக்கான நாள். அறை அரையிருட்டு. தலையை அசைக்கக் கூடாது. அக்கா என் வலப்பக்கம் ஊசியோடு நின்றார். "பயம் வந்தா வரட்டும், நீ எங்கயும் போயிடாத. நான் இங்கதான் நிக்கறேன்" என்றார். எல்லோரிடமும் சொல்வார் இல்லையா அதை. காதில் அவர் குரலே ஓடியது. 'மணி பத்து. சைரன் ஊதுது. கேட்ட தாண்டி வர்ற. டீ மாஸ்டர் கிளாஸ கழுவறாரு. வெந்நி சூடு கையில படுது. மாஸ்டர் உன்ன பாத்து, இன்னா இன்னிக்கு ஒண்டியா வந்துகிறன்னு கேக்கறாரு.' அந்தக் கடைசி வரி நானே சொன்னதுதான். மாஸ்டர் யாரைப் பார்த்தாலும் ஏதாவது கேட்பார் என்று பேச்சுவாக்கில் சொல்லியிருந்தேன்.

அந்த வரி காதில் விழுந்ததும் என் வாய் உலர்ந்துவிட்டது. நெஞ்சு அடித்துக்கொண்டது எனக்கே கேட்டது. அறையில் இருந்த ஸ்பிரிட் வாசனை சட்டென்று நின்றுபோன மாதிரி இருந்தது. நாற்றம் இல்லாவிட்டால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். கத்த நினைத்தேன், நாக்கு எழவில்லை. கால் கட்டைவிரல்கள் வளைந்து இறுகிக்கொண்டன. அக்கா அதைப் பார்த்துவிட்டார். குனிந்து, "நிறுத்திடட்டுமா?" என்றார். வேண்டாம் என்று கையை அசைத்தேன். நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்களே, அந்தப் பயம் எனக்கு. மருந்து போயிற்று.

அடுத்த வாரம் விபத்தைக் கேட்கவைத்தார்கள். தொட்டி, ஏணி, ஏழுமலையின் முதுகு, எல்லாம் வந்தது. எனக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. போலீசுக்கு, அதிகாரிகளுக்கு, சொந்தக்காரர்களுக்கு என்று நாற்பது ஐம்பது தடவை சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதை அது. வேறு யாருக்கோ நடந்தது போலப் படுத்துக் கேட்டேன்.

பிறகு நடந்தது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். என் இரண்டு படங்களும் தலைகீழாக இருந்தன. பயத்துக்கான நாள் படம் சாதாரணமாக இருந்தது. டீக் கதை கேட்ட நாள் படத்தில், பயத்தின் இடங்களில் ரத்தம் ஏறியிருந்தது, பேச்சுக்கான இடத்தில் இறங்கியிருந்தது. படங்களுக்குப் பெயர் போடும்போது அக்கா நாளை மாற்றிவிட்டார் என்று முடிவு கட்டினார்கள். அக்கா "மாறல சார்" என்றார். இருபது வருட சர்வீசில் ஒருநாளும் தப்பு வந்ததில்லை, இதுவும் தப்பில்லை என்று எழுதிக் கொடுத்தார். நம்பவில்லை. ஸ்கேன் அறையிலிருந்து எடுத்து ஆறு வாரம் முன்பதிவு மேசையில் உட்காரவைத்தார்கள். என் படங்களை ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள். அந்த ஆறு வாரமும் அக்காவோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடாமல் ஒதுங்கியவர்கள் உங்களில் உண்டு. நான் உங்களைக் குறை சொல்ல வரவில்லை. உண்மை தெரிந்த நானே அவர் முகத்தைப் பார்க்காமல் அந்த மேசையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன்.

மூன்றாவது வாரம் அக்கா என்னைப் பிடித்துவிட்டார். மாத்திரை வாங்கும் வரிசையில் நின்றிருந்தேன். பக்கத்தில் வந்து நின்று, கையில் ஒரு பிடி வேர்க்கடலையைத் திணித்தார். ஒடுகத்தூர் நிலத்துக் கடலை, உங்களுக்கும் கொடுத்திருப்பார். கோபமே இல்லாத குரலில் கேட்டார், "டீக்கடையில இன்னா ஆச்சு தாமு?"

படத்தைப் பார்த்து அவர் கேட்கவில்லை. என் கால் விரலைப் பார்த்ததை வைத்துக் கேட்டார். கடலை எல்லாம் கீழே கொட்டிவிட்டது. வரிசையை விட்டு வெளியே கூட்டிப்போய் வேப்பமரத்தடியில் உட்காரவைத்தார். அங்கே சொன்னேன். அன்றைக்கு இறங்க வேண்டிய முறை ஏழுமலையுடையது இல்லை, என்னுடையது. காலையிலிருந்தே எனக்கு அந்தத் தொட்டியைப் பார்த்தால் ஒரு மாதிரி இருந்தது. சைரன் ஊதியதும், "நீ இறங்கி எடுத்துனு இரு, நான் டீ குடிச்சிட்டு உனுக்கு பார்சல் வாங்கினு வர்றேன்" என்றேன். அவன், "முறை உன்னுதுடா, பேஜார் பண்ணாத" என்று சொல்லிக்கொண்டே சட்டையைக் கழற்றினான். மேலே ஆள் இல்லாமல் இறங்கினான். நான் நின்று நிதானமாக டீ குடித்தேன். மாஸ்டர், என்ன இன்றைக்குத் தனியாக வந்திருக்கிறாய் என்று கேட்டார். ஏழுமலையின் டீயைப் பையில் கட்டி வாங்கிக்கொண்டு வந்து தொட்டி வாயில் நின்று கூப்பிட்டேன். நாற்றம் இல்லை, சத்தமும் இல்லை. விசாரணையில் கேட்டபோது, அவன் எப்போது இறங்கினான் என்று எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

அக்கா என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "அவன் பொண்டாட்டிக்கு தெரியுமா?" என்றார். தெரியாது என்றேன். "அவகிட்ட நான் சொல்ல முடியாது. டாக்டர்கிட்டயும் சொல்ல மாட்டேன். நீ எங்கிட்ட சொன்னது எங்கிட்டதான் இருக்கும். நீதான் சொல்லணும்."

"வாய் வரலக்கா. பேசற எடத்துல ரத்தமே ஓடலன்னு படத்துலயே வந்துச்சே."

"அது அந்த ரெண்டு நிமிஷம் ஓடல. ஆயுசுக்கும் ஓடாதுன்னு எவன் சொன்னான் உனுக்கு?" என்று எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு மேசைக்குத் திரும்பினார்.

அதைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே அவர் ஸ்கேன் அறைக்குத் திரும்பியிருக்கலாம். சொல்லவில்லை. இன்னும் மூன்று வாரம் அங்கேயே உட்கார்ந்து டோக்கன் கொடுத்தார். ஓய்வு பெறும்வரை அவர் பெயரில் அந்தத் தப்பு இருந்தது. நானும் சொல்லவில்லை. வேலை போய்விடும், கேசு வரும், ஏழுமலையின் மனைவி கஸ்தூரி முகத்தில் காறித் துப்புவாள் என்று தினம் ஒரு காரணம் கிடைத்தது. ஒவ்வொரு பொங்கலுக்கும் கஸ்தூரி வீட்டுக்குக் கரும்பு வாங்கிக்கொண்டு போனேன். "அண்ணன் வந்துட்டாரு, சொம்புல தண்ணி கொண்டா" என்று அவள் மகளிடம் சொல்லும்போதெல்லாம் எனக்கு வியர்த்துக் கொட்டும்.

சிகிச்சையில் நான் தேறினேன். இப்போது படி இறங்குகிறேன், கதவைச் சாத்திக் குளிக்கிறேன், ஷூ கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருக்கிறேன். டீ மட்டும் குடிப்பதில்லை. மாதம் ஒருமுறை அக்கா கூப்பிடுவார். நலம் விசாரித்துவிட்டு, வைக்கும் முன்பு ஒன்று கேட்பார்: "டீ குடிச்சியா?" "இல்லக்கா" என்பேன். "சரி. அவசரம் இல்ல" என்று வைத்துவிடுவார். எட்டு வருடம். ஒரு தடவை கூட என்னை மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் சண்டை போட்டுத் தப்பித்திருப்பேன்.

ஒடுகத்தூருக்கு அடக்கத்துக்குப் போனேன். வந்தவர்களுக்கு வீட்டு வாசலில் டம்ளரில் டீ கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அக்காவின் வீட்டுக்காரர் ஒன்றை என் கையில் கொடுத்து, "குடிப்பா, வெயில்ல வந்திருக்க" என்றார். வாங்கும்போதே டம்ளர் சாய்ந்து அவர் வேட்டியில் கொஞ்சம் சிந்திவிட்டது. துக்கத்தில் சிந்திவிட்டேன் என்று நினைத்து அவர் என் தோளைத் தட்டினார். பேருந்து நிலையத்தில் அப்பாடா என்று மூச்சு விட்டது அங்கேதான் உறைத்தது. இனி மாதம் ஒருமுறை கேட்க ஆள் இல்லை. நான் இப்படியே இருந்துவிடலாம், சாகும்வரை நல்லவனாகவே இருந்துவிடலாம். தொட்டியைப் பார்த்துக்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்ததில்லை.

இதுவரை எழுதியதை எடுத்துக்கொண்டு போன ஞாயிற்றுக்கிழமை கஸ்தூரி வீட்டுக்குப் போனேன். பொங்கல் இல்லாத நாளில் வந்திருக்கிறேனே என்று பார்த்தாள். படித்துக் காட்டினேன். டீக்கடை வந்ததும் வாய் நின்றுவிட்டது. அவள் தாளை வாங்கி, விரலை வைத்து ஒவ்வொரு வரியாகத் தானே படித்தாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாழ்நாளில் அவ்வளவு நீளமான கால்மணி நேரத்தை நான் பார்த்ததில்லை.

"அவரு உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் எறங்குனாரா?" என்றாள்.

"ஆமா. நான்தான் எறங்கச் சொன்னேன்."

"சொல்லாம எறங்கி தானா செத்தான்னு எழுதி வெச்சிருக்காங்க. எம்பொண்ணு அந்த காகிதத்த படிச்சிட்டு, அப்பாவுக்கு அறிவே இல்லியாம்மான்னு கேட்டா. நான் பதில் சொல்லல. எனக்கே அப்படித்தான் இருந்துச்சு." தாளை மடித்தாள். "ஒம்பது பொங்கலா கரும்பு தூக்கினு வந்தியே."

ஒன்பது வருடமாக என்னை நீங்கள் என்று சொன்னவள்.

"இத கூட்டத்துல படிப்பியா?"

"படிக்கறேம்மா."

"படி. நானும் எம்பொண்ணும் வந்து உக்கார்றோம். அவ காதால கேக்கட்டும். மத்தது அப்பறம் பாத்துக்கலாம்." தாளை என் கையில் தரவில்லை, தரையில் வைத்தாள். குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை.

அதனால் கூட்டத்துக்கு வந்திருக்கும் நீங்கள் பின்வரிசையில் இரண்டு பெண்களைப் பார்த்தால் அவர்கள் யாரென்று தெரிந்துகொள்ளுங்கள். நடுவில் என் வாய் நின்றுபோனால், யாராவது எழுந்து வந்து மீதியைப் படித்துவிடுங்கள். பிறகு என்ன வரும் என்று எனக்குத் தெரியாது.

ஸ்டெல்லா அக்கா படத்தை மாற்றவில்லை. ஏழுமலை சொல்லாமல் இறங்கவில்லை. இவை இரண்டும் உங்கள் பதிவேட்டிலும் ஊர் வாயிலும் திருத்தப்பட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அவர் மாத்திரை வரிசையில் கேட்ட அந்த ஒரே கேள்வியைத்தான். எட்டு வருடம் அதை வேறு வார்த்தையில் கேட்டுக்கொண்டே இருந்தார். இனி நானே கேட்டு நானே சொல்ல வேண்டும். டீக்கடையில் என்ன ஆயிற்று, தாமு? முறை என்னுடையது அக்கா. நான் டீ குடிக்கப் போய்விட்டேன்.